முழுக்கோடு

நில அளவை அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலால் நடந்து பார்த்த ஒற்றையடிப் பாதைக்கு வரைபடத்தில் முழுக்கோடு. பழைய தாளைப் பார்த்து வரைந்ததற்குப் புள்ளிக்கோடு. பள்ளத்தாக்கின் புதிய வரைபடத்தைப் போட்ட தங்கை, ஐந்து பாதைகளுக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே முழுக்கோடு இழுத்திருந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. மறுநாள் அச்சுக்குப் போயாக வேண்டும். இந்தக் குளிரில் எவன் போய்ப் பார்க்கப்போகிறான் என்ற தெனாவட்டு வேறு.

வரைபடம் அச்சாகி வந்ததும், போய்ப் பார்க்கப் பள்ளி ஆசிரியையான அவளுடைய அக்காவே கிளம்பிவிட்டாள்.

வாசலில் பால்காரர்தான் சொன்னார். "டீச்சர் இப்பத்தான் ஓடைப் பக்கம் போனாங்களே. கையில உங்க மேப்பு. அந்தப் பாலம் இத்துப்போய் ரெண்டு வருஷமாச்சே, உங்களுக்குத் தெரியாததா?"

தங்கை செருப்பா பூட்ஸா என்றுகூடப் பார்க்காமல் ஓடினாள். வேலி ஓரமாக அக்காவின் காலடித் தடங்கள் நேராகப் போயின. எங்கும் நின்று யோசித்த தடமே இல்லை. புள்ளிக்கோடாக இருந்தால் அக்கா பத்து அடிக்கு ஒருமுறை நின்று பார்த்திருப்பாள். அந்த வழக்கத்தை அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்தத் தங்கை மகராசிதான்.

ஓடை வந்தது. பனி மூடிய பாலம் புதிதுபோலத் தெரிந்தது. அதன் நடுவில் அக்கா.

"அக்கா, நில்லு! அசையாத!"

"ஏன்டி ஊரைக் கூட்டுற? நீ நடந்து பார்த்த வழிதானே?"

பலகை முனகியது. சமாளிக்க ஆயிரம் பொய் இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை.

"நடக்கலக்கா. ஆபீஸ்ல உக்காந்தே போட்டேன். பாலம் இத்துப்போச்சு. வந்த தடத்துலயே பின்னால வா."

அக்கா அப்படியே பின்வாங்கினாள். ஒரு கால் பின்னால். இன்னொரு கால். நான்காவது அடியில், சற்றுமுன் அவள் நின்றிருந்த பலகை பொத்தென்று ஓடையில் விழுந்தது. தங்கை அவள் கம்பளிக் கோட்டைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கரைக்கு இழுத்தாள். இருவரும் பனியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

திட்டுவாள் என்று தங்கை காத்திருந்தாள். நாலு அறை விட்டாலும் தேவலை என்றிருந்தது.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை கோடு?" என்றாள் அக்கா.

"நாலு."

அக்காவின் முகம் வெளுத்தது. "இன்னைக்குக் காலைல என் கிளாஸ் பிள்ளைங்களுக்கு இந்த மேப்பை ஆளுக்கொண்ணு குடுத்தேன்டி. லீவுல நடந்துட்டு வாங்க, முழுக்கோட்டுல மட்டும் போங்க, என் தங்கச்சி நடந்து பார்த்த வழின்னு சொல்லி அனுப்பினேன்."

தங்கை எழுந்தாள்.

"பக்கத்துல எந்தப் பிள்ளை வீடு? சொல்லுக்கா, சீக்கிரம்!"