பெட்டிக்கு எந்த நிறம்

"ஏலே, போன தடவையும் நீ இதத்தான சொன்ன? பச்சக் கொடிய விட்டுட்டு ஊதாக் கொடிக்கு வந்தோம். இப்பம் ஊதாவ விட்டுட்டு எங்க போவ, ரோசுக்கா?"

பைக்கை நிறுத்தும்போதே நாராயணபெருமாள் அண்ணாச்சியின் குரல் கேட்டது. கட்சி அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சுசீந்திரத்தை அடுத்த எங்கள் ஊரில், என் மோட்டார் வைண்டிங் கடையை ஒட்டி ஒரு தகர ஷெட். அவ்வளவுதான். நான் கிளைச் செயலாளர்.

"அப்பம் தலைவரு சரியில்ல. இப்பம் கட்சியே சரியில்ல அண்ணாச்சி. நாமளே புதுசா ஒண்ணு தொடங்குவோம்." இது சுயம்புராஜ், குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். "நேசக்கா பத்து வருசமா இந்த வார்டுல அலஞ்சா. சீட்டு யாருக்கு? போன மாசம் மால போட்டுட்டுக் கட்சிக்குள்ள வந்த காண்ட்ராக்டர் ஐயப்பனுக்கு. இன்னும் உள்ள இருந்து திருத்துகேன்னு சொன்னா ஊருல சிரிப்பாணி வராதா?"

"உள்ள நிக்கவனுக்குத்தாம்லே வெளக்கமாறு கைக்கு எட்டும்."

"எட்டும். குனிஞ்சு பெருக்கத்தான் ஒருத்தனும் இல்ல."

அந்த நேசக்கா, நேசபாய், அங்கேயேதான் இருந்தாள். இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியின் கண்ணாடி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செத்தவர்களை வைக்கும் ப்ரீசர் பெட்டி அது. பாதி வீட்டுப் பிள்ளைகள் கல்ஃபில் இருக்கிற ஊர். அவர்கள் விமானம் பிடித்து வந்து சேரும்வரை உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். பச்சைக் கட்சியில் இருந்தபோது ஊரில் காசு பிரித்து வாங்கினோம். எந்தக் கட்சிக்காரன் வீடாக இருந்தாலும் கேட்டால் போகும், காசு வாங்க மாட்டோம். சுயம்புராஜின் வண்டியில் பெட்டி போகும், கூடவே நேசபாய் போவாள். பெண்களோடு உட்கார்ந்து, கட்டன்காப்பி போட்டு, அடக்கம் முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள். எங்கள் கட்சிக்கு ஊரில் உள்ள மரியாதை எல்லாம் அதுதான். கட்சியை யாரும் தொடங்கிவிடலாம். பெட்டி இல்லாமல் தொடங்கினால் எந்த வீட்டு நடையிலும் கால் வைக்க முடியாது. அதனால் போகிறேன் என்பவனுக்கும் அது வேண்டும், இருக்கிறேன் என்பவருக்கும் அது வேண்டும். ஷெட் சாவி என்னிடம் இருந்தது.

"ராஜண்ணே, ஞாயித்துக்கெழம புதுக் கொடி ஏத்தணும், சாவி எந்தப் பக்கம்னு அதுக்குள்ள சொல்லிருங்க," என்றான் சுயம்புராஜ்.

பதில் யோசிப்பதற்குள் என் போன் அடித்தது. ஐயப்பன். "அண்ணே, அம்மை போயிட்டா. தம்பி துபாய்லேருந்து வரணும். பெட்டி..." அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். சுயம்புராஜ் வண்டிச் சாவியை எடுத்து மடியில் சொருகிக்கொண்டான். "என் வண்டி அவன் வீட்டுக்குப் போவாது."

நேசபாய் துணியை உதறினாள். "செத்தது ஐயப்பன் இல்லலா, அவன் அம்மை. எனக்குத்தான் ஓட்டு போடுவேன்னு சொல்லிட்டு இருந்தவ. வண்டிய எடு."

எடுத்தான்.

மறுநாள் காலையில் மாவட்டம் துக்கம் விசாரிக்கத் துட்டி வீட்டுக்கு வந்தார். மாவட்டச் செயலாளரை நாங்கள் மாவட்டம் என்றுதான் சொல்வோம். கூடவே நாலு கார். மாலையை வைத்துவிட்டு, பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, போனில் படம் பிடிக்கிறவனைப் பார்த்துப் பேசினார். "ஊருக்கே இலவசமா இப்படி ஒரு பெட்டி குடுக்க யாருக்கு மனசு வரும்? நம்ம ஐயப்பனுக்கு வந்திருக்கு. கட்சி சும்மாவா சீட்டு குடுக்கும்?"

ஐயப்பன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாயைப் பறிகொடுத்தவனிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது என்றும் தோன்றியது, எதிர்பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். "துட்டி வீட்டுல ஒண்ணும் பேசாண்டாம்," என்று நாராயணபெருமாள் அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்தார். கூட்டத்தில் பேசினால் கட்டுப்பாடு இல்லை என்பார்கள். மேடையில் நமக்கு மைக் தரமாட்டார்கள். உள்ளே இருந்து திருத்துகிறவன் எந்த இடத்தில்தான் பேசுவது?

அப்போது நேசபாய் காப்பித் தட்டோடு வந்தாள். மாவட்டம் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, "நீங்க ஐயப்பனுக்குச் சொந்தமாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல. பெட்டி கூட வந்தவ," என்றாள்.

அவர் தலையாட்டிக் குடித்தார்.

அடக்கம் முடிந்து பெட்டி ஷெட்டுக்குத் திரும்பியதும் சுயம்புராஜ் உப்புத்தாளை எடுத்துப் பக்கவாட்டில் இருந்த ஊதாப் பெயிண்டைத் தேய்க்கத் தொடங்கினான். யாரும் தடுக்கவில்லை. அண்ணாச்சிகூட வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றி வேர்வை வழிய, பல்லைக் கடித்துத் தேய்த்தான். ஊதா தூளாக உதிர்ந்தது. அடியிலிருந்து பச்சை தெரிந்தது. பழைய கட்சியின் பெயரில் பாதி எழுத்தும் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள்தான் அதன்மேல் ஊதா அடித்தோம். நான் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, அவன்தான் பிரஷ் பிடித்தான்.

அவன் கை நின்றது.

"தேயி மக்கா," என்றார் அண்ணாச்சி, கேலி இல்லாமல். "அதுக்கடியில தகரந்தான் கெடக்கு."

நேசபாய் பச்சையின் மேல் படிந்த தூளை முந்தானையால் துடைத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். "அண்ணே, நாளைக்கு ஒரு வீட்டுல கேட்டா எப்பிடிக் குடுத்து விடுவீங்க? இப்பிடி அரையும் கொறையுமாவா?"

பெயிண்ட் கடைவரை போனேன். கடைக்காரர் எந்த நிறம் என்று கேட்டார். பிறகு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். உள்ளே இருந்து போராடிச் சரிசெய்தவர்கள், வெளியே போய்ப் புதிதாகத் தொடங்கி உருப்பட்டவர்கள், இரண்டும் செய்து சலித்தவர்கள், யாராவது இதைப் படித்தால் கீழே பதில் எழுதுங்கள். நீங்களாக இருந்தால் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்? தத்துவம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எழுதினால் நல்லது. பெட்டி பாதி ஊதாவும் பாதி பச்சையுமாக ஷெட்டில் கிடக்கிறது. யார் வீட்டிலிருந்து எப்போது போன் வரும் என்று சொல்ல முடியாது.