போவதற்கு மட்டும் ஒரு டிக்கெட்

"திமிங்கலத்துக்கே திரும்பிப் போற வழி இருக்குதேம்மா, உன் டிக்கெட்ல மட்டும் ஏன் போறதோட நின்னுபோச்சு?" என்று சுலேனி ஒருநாள் கேட்டாள்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. புவெனவெந்தூரா துறைமுகத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் திமிங்கலம் வருஷா வருஷம் வந்து போகும் விருந்தாளி. குளிருக்குப் பயந்து தெற்கேயிருந்து குட்டி போட வரும். குட்டி நீந்தத் தேறியதும் கூட்டிக்கொண்டு திரும்பிவிடும். அவள் அம்மா டெயானிரா அடுப்பிலிருந்த தேங்காய்ச் சோற்றைக் கிளறியபடி, தான் முன்னால் போய் இடம் பிடித்துவிட்டு அவளைக் கூட்டிக்கொள்வதாகவும், அதன் பிறகு திரும்பி வரும் டிக்கெட்டுக்கு வேலையே இல்லை என்றும் சொன்னாள். சொல்லிவிட்டாளே தவிர, மகள் கேட்டது மீன் முள் போலத் தொண்டையில் நின்றுவிட்டது.

தெற்கே வேறொரு நாட்டில், புவெனஸ் ஐரிஸில், சித்தி மகள் நுபியா இருந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இவளுக்கும் வேலை பேசி வைத்திருந்தாள். இரண்டு நாடுகளுக்கும் உடன்படிக்கை உண்டு, சுற்றுலாவாக நுழைந்தவரும் உள்ளே வந்தபின் குடியிருப்பு அனுமதி கேட்கலாம் என்று போனில் விளக்கினாள். "சட்டம் நம்ம பக்கம்தான். ஆனா வாசல்ல நிக்கிறவன்கிட்ட அதைச் சொன்னா அவனுக்குப் பிடிக்காது. சுற்றுலான்னு சொல்லிட்டு உள்ள வந்துடு" என்றாள்.

வாசலில் நிற்பவருக்குத் திரும்பும் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். சந்தையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஹார்வி அதற்கென்றே ஒரு போலித் தாளும், கூடவே ஒரு ஓட்டல் பெயரும் அச்சடித்துக் கொடுத்தான். பார்த்த மாத்திரத்தில் சுற்றுலாக்காரி என்று தெரிய வேண்டும் என்று யோசனையும் சொன்னான்.

தெரு முழுக்கச் சேர்ந்து அவளைச் சுற்றுலாக்காரி ஆக்கியது. அவர்கள் கண்ட சுற்றுலாக்காரர்கள் திமிங்கலம் பார்க்க வருகிறவர்கள் மட்டுமே. அதனால் ஒருத்தி பெரிய ஓலைத்தொப்பி கொண்டுவந்தாள், இன்னொருத்தி கறுப்புக் கண்ணாடி, மூன்றாமவள் முழங்கால் தெரியும் கால்சட்டை. மழை என்றும் பெருமழை என்றும் இரண்டே பருவம் அறிந்த ஊர் அது. ஜூன் மாதத்தில் தெற்கே கடுங்குளிர் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. திமிங்கலங்கள் எதற்குப் பயந்து ஓடிவருகின்றன என்றுகூட யாரும் யோசிக்கவில்லை.

விமானம் இறங்கியபோது ஜன்னலுக்கு வெளியே புல்தரை உறைபனியில் வெளுத்துக் கிடந்தது.

குடிநுழைவு வரிசையில் அவளுக்கு முன்னால் லெய்சி நின்றாள். விமானத்தில் அறிமுகமான பெண், இருபது வயதுகூட இராது. அதே துறைமுகம், அதே ஹார்வி, அதே மாதிரித் தொப்பி. அதிகாரி அந்தத் தொப்பியைப் பார்த்தார், செருப்புக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தார்.

"ஜூன் மாசத்துல எந்தக் கடற்கரைக்கும்மா போறே?" என்று கேட்டார். பக்கத்துக் கூண்டில் இருந்தவர் சிரித்தார். லெய்சி மனப்பாடம் செய்த ஓட்டல் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவளை ஓரத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

அடுத்து டெயானிரா. திரும்பும் டிக்கெட்டைக் கேட்டார்கள். பைக்குள் விட்ட கை முதலில் ஹார்வியின் தாளைத் தொட்டது. அதற்கு அடியில் ஊரிலிருந்து எடுத்துவந்த சிலுவைப் படம், பூகா கோயிலின் அற்புத ஆண்டவர், இருந்தது. எந்த விரல் எதில் பட்டதோ, கை வெறுமையாக வெளியே வந்தது. அவள் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"திரும்பிப் போற டிக்கெட் இல்லைங்க. ஒரு தாள் இருக்கு, அது பொய். நான் இங்க வாழ வந்திருக்கேன்."

அதிகாரியின் கேலி போய்விட்டது. "இதை என் மூஞ்சிக்கு நேரா சொல்றியா?"

"உங்க நாடும் எங்க நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கு. உள்ள வந்து குடியிருப்பு கேக்கலாம்னு அதுல இருக்கு. நான் ஜன்னல் ஏறிக் குதிக்கலை. வாசல்ல நின்னுதான் கேக்குறேன்."

தொப்பியைக் கையில் கொடுத்து அவளையும் ஓரத்து அறைக்கு அனுப்பினார்கள். உள்ளே ஒரு பெஞ்சு, கதவிடுக்கு வழியே வரும் காற்று, கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒரு தாள். பொய்யாகச் சுற்றுலா என்று சொல்லி வந்தேன், என் விருப்பப்படியே திரும்பிப் போகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. டெயானிரா உட்கார்வதற்கு முன்பே லெய்சி கையெழுத்திட்டிருந்தாள். மாலை விமானத்தில் அவளை ஏற்றிவிடுவார்களாம். டெயானிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டபோது கையை விடத்தான் வேண்டியிருந்தது.

மேலதிகாரியான ஒரு பெண் வந்து தாளை டெயானிராவின் பக்கம் நகர்த்தினாள். கையெழுத்துப் போடாவிட்டால் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்றாள்.

"உக்காந்திருக்கேம்மா. படகு வர்ற வரைக்கும் துறைமுகத்துல உக்காந்தே பழகினவ நான்."

அந்த அம்மாள் போய்விட்டாள். டெயானிரா வெளியே தெரிந்த முழங்கால்களைக் கைகளால் மூடிக்கொண்டாள். அப்போது தரை துடைக்க ஒருத்தி வந்தாள். பராகுவேக்காரி, ஐம்பதை நெருங்கியவள், சட்டையில் செல்சா என்று பெயர் தைத்திருந்தது. வாளியை வைத்துவிட்டு இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் தங்கச்சி, கடல்ல குளிக்கப் போறவளாட்டம் வந்திருக்கே?"

"ஊரே சேர்ந்து உடுத்தி விட்டுச்சு அக்கா."

செல்சா சிரித்தாள். தன்னுடைய பழுப்புக் கம்பளிக் கோட்டைக் கழற்றி இவள் தோளில் போட்டாள். குடுவையிலிருந்து சுடச்சுட மாத்தே கசாயம் ஊற்றிக் கொடுத்தாள். தானும் ஒரு காலத்தில் இதே பெஞ்சில் உட்கார்ந்தவள்தான் என்றாள். கோட்டை எப்படித் திருப்பித் தருவது என்று டெயானிரா கேட்டதற்கு, "என்னைக்காவது இந்தப் பக்கம் வந்தா, வெளிக்கூடத்துப் பொம்பளைங்க கழிப்பறைக் கதவுக்குப் பின்னால ஒரு ஆணி இருக்கு, அதுல மாட்டிட்டுப் போ" என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

கடவுள் பெரிய அற்புதங்களை எப்போதாவதுதான் செய்கிறார். மற்ற நேரங்களில் யாருடைய தோளிலாவது இருக்கும் கோட்டை எடுத்து இன்னொரு தோளில் போடுகிறார். அந்தச் சூடு உடம்பில் ஏறியதும் டெயானிராவின் முதுகு நிமிர்ந்தது.

மேலதிகாரி மறுபடி வந்தாள். டெயானிரா தாளைத் திருப்பி நகர்த்தினாள்.

"இதுல இருக்கிறது நான் சொன்னதில்லைம்மா. நான் சொன்னதை எழுதுங்க. வாழ வந்தேன்னு இவ உண்மையைச் சொன்னதால திருப்பி அனுப்புறோம்னு எழுதுங்க. அதுக்கு இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

அந்த அம்மாள் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. அப்படி ஒரு வாக்கியத்தின் கீழே தன் பெயரும் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். வேலை எங்கே என்று கேட்டாள். முதியோர் இல்லத்தின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கடவுச்சீட்டில் முத்திரை இருந்தது, மூன்று மாதம் தங்குவதற்கு.

"நாளைக்கே போய் விண்ணப்பம் கொடுங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல். வாசல் வரை போனவளைக் கூப்பிட்டு, "தொப்பியை விட்டுட்டுப் போறீங்க" என்றாள்.

மறுநாளே டெயானிரா விண்ணப்பித்தாள். குடியிருப்பு அட்டை கைக்கு வர அடுத்த குளிர்காலம் ஆயிற்று. அதற்கும் அடுத்த குளிர்காலத்தில் சுலேனிக்கு டிக்கெட் வாங்கினாள். அதிலும் போகிற வழி மட்டும்தான் இருந்தது. இந்த முறை அவள் தொண்டையில் எதுவும் நிற்கவில்லை.

சுலேனியைத் துணைக்கு ஒரு பெரியம்மாவோடு ஏற்றிவிட்டிருந்தார்கள். விமானம் இறங்க நேரம் இருந்தது. டெயானிரா வெளிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் செல்சாவைப் பற்றி விசாரித்தாள். அவள் வேலையை விட்டுவிட்டாள், ஊரோடு போய்விட்டாள் என்று பதில் வந்தது.

டெயானிரா கொண்டுவந்த பையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு கழிப்பறைக்குள் போனாள். உள்ளே ஆளில்லை. கதவுக்குப் பின்னால் செல்சா சொன்ன ஆணி இருந்தது. துவைத்து, அறுந்த பொத்தானுக்குப் பதில் புதுசு தைத்து வைத்திருந்த பழுப்புக் கோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். அதன் பைக்குள் தான் பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடியை வைத்தாள். லெய்சியின் செருப்புக்கு வெளியே தெரிந்த விரல்களை நினைத்துப் பின்னியது அது. அற்புத ஆண்டவர் படத்தையும் கூடவே வைத்து, அடுத்துக் குளிரில் வந்து இறங்குகிறவளுக்கு என்று கோட்டை ஆணியில் மாட்டித் தோள்பட்டையை நேராக இழுத்துவிட்டாள்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மகள் வரும் வாசலை நோக்கி நடந்தாள்.