பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

“ஒரே ஒரு கேசட்டுடீ! அதுவும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி! அதுக்காகப் பேப்பர்ல ‘பாடகி’ன்னு போடுவியா?”

“மெதுவாப் பேசுங்க பெரியம்மா. அம்மா பக்கத்து ரூம்லதான் இருக்காங்க.”

“இருந்தா? எழுந்து வந்து பதில் சொல்லப் போறாளா?”

சொல்லிவிட்டு இனாயாத் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து அறையில் அவள் தங்கை சுஹைர் வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குள் நாளைய பத்திரிகைக்கு மரண அறிவிப்பைச் சொல்லி முடிக்க வேண்டும். அலெக்ஸாந்திரியாவில் செத்தவர் யார் என்பதை யாரும் பெரிதாகப் படிப்பதில்லை. பின்னால் வருகிற வரிசையைத்தான் கண் தேடும். இன்ன டாக்டரின் அத்தை, இன்ன இன்ஜினியரின் மாமியார், துறைமுகச் சுங்க அதிகாரி இன்னாரின் ஒன்றுவிட்ட சகோதரி.

சுஹைரின் மகள் ரீஹாமுக்கு நிச்சயமான மருந்துக்கடை வஜ்தி, தொலைபேசியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

“பத்திரிகை ஆபீஸ்காரர் காத்துக்கிட்டிருக்கார். பாடகியா, டெலிபோன் ஊழியரா?”

“டெலிபோன்,” என்றாள் இனாயாத்.

“பாடகி,” என்றாள் ரீஹாம்.

வஜ்தி கட்டிக்கொள்ளப் போவது ரீஹாமைத்தான். ஆகவே “பாடகி” என்றான். இனாயாத்தின் பெயர் சுங்க அதிகாரிக்கும் கீழே, ‘மற்றும் சகோதரி ஹாஜியம்மா இனாயாத்’ என்று, ஊறுகாய் மாதிரி ஓரத்தில் போய் விழுந்தது.

அவர்கள் குடியிருந்த முஹர்ரம் பே வட்டாரத்துக்கு இந்தப் புகைச்சல் ஒன்றும் புதிதில்லை. ஒரு காலத்தில் அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே துணியில் கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக் கல்யாணங்களில் பாடுவார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ‘நூர் சகோதரிகள் வந்தாச்சா?’ என்று கேட்ட பிறகுதான் நாற்காலி போடவே ஆரம்பிப்பார்கள். பிறகு கெய்ரோவிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரன் வந்தான். இரண்டு பாட்டுக் கேட்டான், மூன்று கோப்பை டீ குடித்தான், “அட்டையில ஒரு முகம்தான் எடுபடும்” என்றான். எந்த முகம் என்று யாரும் கேட்கவில்லை. சுஹைருக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கன்னத்தில் குழி. இனாயாத்துக்கு இருபத்தாறு. குழி இல்லை.

‘என் ஜன்னலுக்குக் கடல் தெரியும்’ என்று அந்தக் கேசட் வெளியானது. அட்டையில் சுஹைர் மஞ்சள் கவுன் போட்டுக் கடற்கரைச் சுவர்மேல் உட்கார்ந்து சிரிப்பாள். இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். காற்றில் தங்கையின் தொப்பி பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்த இனாயாத்தின் முழங்கை. மிச்ச இனாயாத்தைக் கத்தரித்துவிட்டார்கள்.

அந்த ஒரு கோடைகாலம் முழுக்க டாக்ஸிகளிலும் சோளம் சுடுகிற தள்ளுவண்டிகளிலும் சுஹைர்தான். அடுத்த வருடமே கல்யாணம். மாப்பிள்ளை நல்லவர்தான், வீட்டில் பாட்டு மட்டும் ஆகாது. இரண்டாவது கேசட் வரவேயில்லை. சுஹைர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து “யார் வேண்டும்?” என்று கேட்டே காலம் தள்ளினாள். ஆனாலும் கறிக்கடைக்காரன் அவளுக்கு மட்டும் எலும்பில்லாத துண்டாகப் பார்த்து வெட்டுவான். இனாயாத்துக்கு வெட்டும்போது, “நீங்க சுஹைரம்மாவோட அக்காதானே?” என்பான். எலும்பு அப்படியே இருக்கும்.

இதெல்லாம் தெருவுக்கே தெரிந்த பொறாமை. தெரியாதது ஒன்று இருந்தது.

கெய்ரோவில் பதிவின் கடைசி நாள். பி பக்கத்தின் கடைசிப் பாட்டு பாக்கி. அதில் நடுவில் ‘யா லேல்’ என்று ஒரு நீளமான ஆலாபனை வரும். ஏணியில் ஏறுவதுபோல் ஏறி, மேலே நின்று, அங்கேயே கரைய வேண்டும். சுஹைருக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது. சோம்பு டீ பிளாஸ்கையும் மாற்றுக் கவுனையும் தூக்கிக்கொண்டு கூடவே போயிருந்த இனாயாத்தைப் பார்த்து, “ஒரே வயித்துல பொறந்த குரல்தானே, நீங்க நில்லுங்க” என்றார் வயலின்காரர். நின்றாள். ஒரே தடவைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

திரும்பும் ரயிலில் சுஹைர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “யாருகிட்டயும் சொல்லாதக்கா” என்றாள்.

சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். பொறாமைக்காரி என்று பேரெடுத்தவள் வாயிலிருந்து உண்மை வந்தாலும், பொறாமையில் பேசுகிறாள் என்றுதான் சொல்வார்கள். அது இனாயாத்துக்கு நன்றாகவே தெரியும்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் கறுப்பில் வந்து குவிந்தார்கள். ஆண்கள் அடக்கம் முடித்துக் கபர்ஸ்தானிலிருந்து அப்படியே கீழே போட்ட பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். மேலே சர்க்கரை போடாத காபி சுற்றி வந்தது. மூன்றாம் மாடி மதீஹா, யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று படிக்கட்டிலேயே மோந்து சொல்லிவிடுகிறவள், சோபாவின் நடுவில் இடம்பிடித்திருந்தாள்.

ரீஹாம் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து அலமாரிமேல் வைத்து, குர்ஆன் ஓதும் கேசட்டைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஓதுபவரின் குரல் அறையை நிறைத்தது. எல்லோரும் தலை குனிந்தார்கள். இனாயாத் மட்டும் கேசட் உறையைப் பார்த்தாள். பச்சை மையில் அவளுடைய கையெழுத்து: ‘யூசுப் அத்தியாயம். நன்மை சேரட்டும்.’

‘என் ஜன்னலுக்குக் கடல் தெரியும்’ வெளியானபோது சுஹைர் அவளுக்கென்று தனியாக ஒன்றைக் கொடுத்திருந்தாள். உள்ளே ‘என் அக்காவுக்கு’ என்று எழுதியிருந்தாள். பல வருடம் அதை ஜமக்காளத்துக்கடியில் போட்டிருந்த இனாயாத், ஹஜ் முடித்து வந்த கையோடு எடுத்தாள். பாட்டை யாரும் அழிக்காமலிருக்கக் கேசட்டின் மேல் விட்டிருந்த ஓட்டையைக் காகிதத் துணுக்கால் அடைத்தாள். ரேடியோவில் ஓதல் தொடங்கியதும் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். அழிந்துபோகட்டும் அந்த மஞ்சள் கவுன். யூசுப் நபியைக் கூடப்பிறந்தவர்களே பொறாமையில் கிணற்றில் தள்ளிய கதைதான் ஓதப்பட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பிறகு தங்கையிடமே கொண்டுபோய்க் கொடுத்து, “மறுமைக்கு உதவும்” என்றாள். சுஹைர் பச்சை மையைப் பார்த்தாள், கேசட்டைத் திருப்பிப் பார்த்தாள், “நல்லதுக்கா” என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஓதல் முடிந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் இரைச்சல். அடுப்பில் முலுகிய்யாக் கீரை பொங்கிவிட்டதென்று அன்றைக்கு இனாயாத் பதிவை அவசரமாக நிறுத்திய இடம் இதுதான்.

அக்கார்டியன் கிளம்பியது. அழியாமல் மிஞ்சிய, பி பக்கத்தின் கடைசிப் பாட்டு.

“அஸ்தஃபிருல்லாஹ்! மௌத்து வீட்டுல பாட்டா?” என்று ஒருத்தி எழுந்தாள்.

மதீஹா கையைத் தூக்கித் தடுத்தாள். “உட்காருடி. இறந்தவளோட குரல் அது.”

யாரும் பொத்தான் பக்கம் போகவில்லை. பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. ‘யா லேல்’ ஏறத் தொடங்கியது. இனாயாத்தின் விலா எலும்பு தானாக விரிந்தது. எங்கே மூச்செடுக்க வேண்டுமோ அங்கே அவள் உடம்பு மூச்செடுத்தது. மேலே போய் நின்ற குரலுக்கு முப்பது வயதுகூட இல்லை. எதிர்ச் சோபாவில் ஒரு கிழவி முக்காட்டுக்குள் விம்மினாள்.

மதீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு இவள் பக்கம் திரும்பினாள். “நீயும்தான் பாடுவே, இல்லேன்னு சொல்லல. ஆனா இந்தச் சாரீரம்? ஒரு வீட்டுக்கு ஒருத்திக்குத்தான் ஆண்டவன் குடுப்பான், இனாயாத்.”

இனாயாத் வாயைத் திறந்தாள். ரயில் பெட்டி, பிடித்த கை, முழங்கை எல்லாம் நாக்குநுனிவரை வந்துவிட்டன. முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உண்மைதான் மதீஹா,” என்றாள். “இந்த மாதிரி ஒரு குரல் இந்த ஊர்ல பொறந்ததே இல்ல. கெய்ரோவுலயும் இல்ல. கேட்டவன் நாற்காலிய விட்டு எழுந்துடுவான். அப்படி ஒரு குரல்.”

அறையே உடைந்து அழுதது. மதீஹா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். “அப்பாடி! இருபத்தஞ்சு வருஷம் கழிச்சாவது உன் மனசு தெளிஞ்சுதே!”

ரீஹாம் காபித் தட்டோடு ஓடிவந்தாள். “ஐயோ, நிறுத்த மறந்துட்டேன்! அம்மா இருந்தப்பவும் இப்படித்தான். வெள்ளிக்கிழமையானா இதைப் போடுவாங்க. ஓதி முடிச்சதும் எங்களை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுக் கடைசிவரைக்கும் தனியாக் கேப்பாங்க. தன் குரலைக் கேக்கத்தான் எவ்வளவு ஆசை பாருங்க, பெரியம்மா.”

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையுமா?”

“தவறாம.”

அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் சிரித்தாளா, அழுதாளா? அதைச் சொல்லவேண்டியவள் மத்தியானமே நாலு பேர் தோளில் போய்விட்டாள்.

“காபி ஆறுது,” என்றாள் இனாயாத். “எல்லாருக்கும் குடு.”

மறுநாள் பத்திரிகையில் ‘பாடகி’ என்றே வந்தது. ஓரத்தில் இனாயாத்தும் வந்திருந்தாள். வருடம் திரும்பியதும் ரீஹாமுக்கும் வஜ்திக்கும் மேளதாளம் இல்லாமல் கல்யாணமாகி, இருவரும் குவைத்துக்குப் போனார்கள். சுஹைரின் வீட்டைத் தமன்ஹூர் ஜவுளிக்காரர் ஒருவர் வாங்கினார். மதீஹாவை அவள் மகன் மன்சூராவுக்குக் கூட்டிப்போய்விட்டான். அதன்பிறகு இந்தக் கட்டடத்துச் செய்திகள் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டன.

தங்கை வீட்டுச் சாமான்களில் இனாயாத் கேட்டு வாங்கியது டேப் ரெக்கார்டரும் அந்தக் கேசட்டும் மட்டும். ஹாஜியம்மாவுக்கு எவ்வளவு பக்தி என்று எல்லோரும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஓதல் கேட்கும்போது அவள் வீட்டு ஜன்னல் சாத்தித்தான் இருக்கும். ‘டக்’ என்ற சத்தம் வந்ததும் எழுந்துபோய், தெருப்பக்கத்து ஜன்னல் கதவுகள் இரண்டையும் சுவரோடு சேர அகலத் திறந்து வைப்பாள்.