தூக்கி நின்ற புருவம்

அண்ணியின் வலது புருவம் இடதைவிட ஒரு விரல்கடை மேலே தூக்கி நின்றது. ஒரு பெரிய கடையில் புகார் வாங்கும் கவுன்ட்டரில் அவளுக்கு வேலை. யார் வந்து என்ன குறை சொன்னாலும் "அப்படியா? நிஜமாவா?" என்று நம்பாமல் பார்ப்பது மாதிரியே முகம் இருக்கும். புகார் சொல்ல வந்தவர்கள் அவளைப் பற்றியே புகார் எழுதிவிட்டுப் போனார்கள். மேனேஜர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: இந்த மாதத்துக்குள் முகம் சரியாகவில்லை என்றால் கிடங்குக்குப் போக வேண்டியதுதான். பேச ஆளே இல்லாத கிடங்கு அவளுக்கு ஜெயில் மாதிரி.

புருவத்தைப் பச்சை குத்தியது நாத்தனார் சின்னு. புதிதாகப் பார்லர் திறந்தவள். முதல் கஸ்டமர் அண்ணிதான். இப்போது பரிகாரம் மாதிரி கூடவே வந்திருந்தாள்.

பச்சையை அழிக்க அவர்கள் போன இடத்தில், அழிப்பவளை எல்லோரும் ரப்பர் அக்கா என்றார்கள். அவள் அண்ணியை நிமிர்ந்து உட்கார வைத்து, நெற்றியில் மை தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டாள்.

"படுக்க வெச்சே அளவெடுத்திருக்காங்க. படுத்தா முகம் ஒரு மாதிரி, எழுந்தா ஒரு மாதிரி. யாரு செஞ்சது?"

"தெரிஞ்ச பொண்ணுதான் டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லம்மா. அந்தப் பொண்ணு கைய உடைக்கணும்."

சின்னு சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மேல தோல் கலர் மை எதுவும் போட்டாங்களா? மறைக்கறதுக்கு?"

"இல்லையே" என்றாள் அண்ணி. அவளுக்குத் தெரிந்து இல்லை.

ரப்பர் அக்கா லேசரைக் கையில் எடுத்ததும் சின்னு எழுந்தாள்.

"அண்ணி, அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன். கிளம்பலாமா?"

"நாமதான் வரும்போது கடையில டீ குடிச்சோம், வீட்ல பால் இல்லன்னு. உக்காருடி."

சின்னு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

லேசரை முழுதாக ஓட்டுமுன் ஒரு புள்ளி வைத்துப் பார்ப்பது ரப்பர் அக்காவின் வழக்கம். புருவத்தின் மேல் ஓரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடியைக் கொடுத்தாள். அழிய வேண்டிய இடத்தில் மிளகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி உட்கார்ந்திருந்தது.

"தோல் கலர் மை இருக்கு. லேசர் பட்டா அது கறுத்துப் போயிடும். முழுசா ஓட்டியிருந்தா மை டப்பாவுல நெத்திய முக்கின மாதிரி வீட்டுக்குப் போயிருப்பீங்க."

அண்ணி சின்னு பக்கம் திரும்பினாள்.

"டச்சப்னு சொல்லிக் கண்ண மூட வெச்சியே, அன்னைக்கா?"

"மேல் ஓரத்த மறைச்சா கொஞ்சம் கீழ இறங்கின மாதிரி தெரியும்னு நெனச்சேன் அண்ணி. திட்டிடுங்க."

"திட்டிட்டுதான்டி இருக்கேன். மூஞ்சில தெரிய மாட்டேங்குது."

ரப்பர் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தாள். ரெண்டு வழி. இடது புருவத்தையும் மேலே ஏற்றிக் குத்தி ரெண்டையும் சமமாக்கலாம். சட்டென்று முடிந்துவிடும், ஆனால் அப்புறம் அழிப்பது பெரும்பாடு. இல்லை, ஊசியால் உப்புத் தண்ணீர் ஏற்றி மையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கலாம். பொருக்குத் தட்டும், உதிரும், திரும்பவும் ஏற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

"ரெண்டும் தூக்கி இருந்தா எப்படி இருக்கும்?"

ரப்பர் அக்கா பென்சிலால் இடது பக்கம் வரைந்து காட்டினாள். அண்ணி பார்த்தாள். சின்னுவும் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப நெஜமாவே பேயப் பாத்த மாதிரி இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணி பஞ்சை வாங்கிப் பென்சில் கோட்டைத் தானே துடைத்தாள். வெளியே போய் மேனேஜருக்குப் போன் செய்தாள்.

"சார், கிடங்குக்கே மாத்திடுங்க. ஆனா கவுன்ட்டர்ல வேற யாரையும் நிரந்தரமா போட்டுடாதீங்க. நான் திரும்பி வருவேன்."

"பாக்கலாம்மா" என்றார் மேனேஜர். போனை வைத்துவிட்டார்.

உள்ளே வந்து, "உப்புத் தண்ணியே ஏத்துங்க" என்றாள்.

"அந்தப் புள்ளி ஆறட்டும். அடுத்த வாரம் வாங்க."

"நானும் கூட வரேன் அண்ணி" என்றாள் சின்னு.

"வராம? பொருக்கு உதிர்ற வரைக்கும் நம்ம வீட்டு மார்க்கெட் போறது, பால் வாங்கறது எல்லாம் உன்னோட வேலைதான். நட."