பீரோவுக்குள் போனவன்

பயம் என்றால் என்னவென்று எனக்குப் பாடம் எடுக்க வந்தவர் என் அக்காவின் கணவர். அத்தான் டைல்ஸ் வியாபாரி. குளியலறைத் தரையில் எது வழுக்கும், எது வழுக்காது என்று அவர் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். ஆனால் அவர் ஒரு பேய்ப்படம் தயாரித்தார், அதற்கு நான் எடிட்டர். வினை அங்கே ஆரம்பித்தது.

நான் வெட்டி ஒட்டாத குப்பை கிடையாது. சோப்புத்தூள் விளம்பரம், சமையல் நிகழ்ச்சி, மாமியார் அறைவதை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டும் சீரியல், எல்லாம் செய்தாயிற்று. அதிலெல்லாம் என் பெயர் வரும், ஆனால் படிக்கிறவன் கண் சிமிட்டினால் போய்விடும். திரையில் என் பெயர் தனியாக நிற்கப்போகும் முதல் படம் இதுதான். அதனால் இதில் மட்டும் யாருக்கும் தலையாட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சண்டை ஒரே ஒரு ஷாட்டுக்காக. வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். நல்ல பட்டப்பகல். அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்கதவு வழியாக ஒருவன் வந்து, படுக்கையறையில் உள்ள இரட்டைக் கதவு பீரோவின் வலது பக்கம் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். முதுகு மட்டும்தான் தெரியும். அவள் இறங்கி வருகிறாள். துணி மடிக்கிறாள். இடது கதவைத் திறந்து அடுக்குகிறாள். வலது கதவின் பிடிவரைக்கும் கை போகிறது, பிறகு எதையோ நினைத்துத் திரும்பிவிடுகிறாள். பீரோவுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளை சுளையாகத் தின்கிறாள். கேமரா அசையாது. இசை கிடையாது. தின்று முடித்து, தோலைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போகிறாள். அவ்வளவுதான். அடுத்த காட்சியில் பீரோ சாத்தியபடியே இருக்கிறது.

அவன் வெளியே வரும் ஷாட் எங்கே என்று கேட்பீர்கள். எடுக்கவே இல்லை. எங்கள் டைரக்டருக்கு யூனிட்டில் வைத்த பெயர் ‘பேக்கப்’. அன்றைக்கு அந்த நடிகரை ஒத்திகைக்காக ஒருமுறை பீரோவிலிருந்து வரச் சொல்லியிருக்கிறான். பிரமாதமாக வந்திருக்கிறார். அந்தக் குஷியில், கேமரா ஓடவே இல்லை என்பதை மறந்து, ஒத்திகையை டேக் என்று நினைத்துக்கொண்டு, படப்பிடிப்பு முடிந்தது, மூட்டை கட்டுங்கள் என்று அர்த்தப்படும் ‘பேக்கப்’பைக் கத்திவிட்டான். ஆசாரிகள் செட்டைப் பிரித்தார்கள், வாடகை பீரோ வண்டி ஏறியது, நடிகர் மறுநாள் வேறு படத்துக்காகத் தாடியை மழித்துவிட்டார். வரும் ஷாட் மட்டும் வரவில்லை.

என் அறைக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், பாவம். நான் முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு இருக்கிற காட்சிகளை வரிசையாக ஒட்டி ஓடவிட்டுப் பார்த்தேன். ஆரஞ்சு பாதி தீர்வதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் வறண்டது. இந்தப் படத்தில் அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதை எடுக்காமல் விட்டதுதான் என்று அவனிடமே சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி வாங்கிக் கொடுத்தான்.

அத்தானுக்குப் போட்டுக் காட்டினோம். பிரிவியூ அறையில் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். விளக்கு போட்டதும் பெரிதாகக் கொட்டாவி விட்டார். ஒரு பொண்ணு பழம் தின்பதைப் பார்க்க எவன் டிக்கெட் எடுப்பான் என்றார். அவன் உள்ளே போனான் அல்லவா, அப்புறம் எங்கே போனான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கியதுதான் அன்றைக்கு நான் அவருக்குக் கொடுத்த மரியாதை.

மறுநாள் சவுண்டு இன்ஜினீயரோடு வந்து நின்றார். அந்த ஆளை ‘டமார்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவன் கம்ப்யூட்டரில் அலறல் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கும். அத்தானின் யோசனை இது: அவள் கடைசிச் சுளையை வாயில் வைக்கும்போது பீரோ படீரென்று திறக்க வேண்டும். வெள்ளை விழியும் கறுப்பு நாக்குமாக ஒரு கிராபிக்ஸ் முகம் திரை முழுக்கப் பாய வேண்டும். கூடவே டமாரின் டமார்.

நானும் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். பின்னாலிருந்து தகரத்தைத் தட்டினால் எவனும் துள்ளுவான், துள்ளுவது வேறு, பயப்படுவது வேறு என்றேன். பழைய கறுப்பு வெள்ளை சஸ்பென்ஸ் படக்காரர்களுக்குப் பேய் முகம் செய்யும் வசதி இல்லை. படிக்கட்டில் ஒரு நிழல், மெல்லத் திரும்பும் ஒரு கதவுப்பிடி, இவற்றை வைத்தே நம் உயிரை வாங்கினார்கள். ஆள் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ‘திரும்பிப் பாரடி’ என்று நாம் சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. பார்க்கிறவனைக் கையாலாகாதவனாக உட்கார வைத்தார்களே, அதுதான் பயம். முகத்தைக் காட்டாவிட்டால் அவனவன் தனக்கு எது ஆகாதோ அந்த முகத்தை உள்ளே வைத்துக்கொள்வான். காட்டிவிட்டால் ‘சீ, இவ்வளவுதானா’ என்று பாப்கார்னைத் தேடுவான்.

அத்தான் அதெல்லாம் அந்தக் காலம் என்றார். இந்தக் காலத்துப் பசங்கள் கையில் போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள், சத்தம் போட்டால்தான் தலையைத் தூக்குவார்கள் என்றார். அதற்கு அலாரம் போதுமே, எதற்குப் படம் என்றேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. இந்த வாரத்துக்குள் அந்த முகத்தைச் சேர்க்காவிட்டால் வேறொரு எடிட்டர் தயாராக இருக்கிறாள், டைட்டிலில் அவள் பெயர் போகும் என்றார்.

“தாராளமா போடுங்க அத்தான்,” என்றேன். “அந்த நாக்கு இருக்கிற படத்துல என் பேர் இருக்கக் கூடாது. எனக்கு அது போதும்.”

பேக்கப் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை அக்கா என்று கூப்பிடும் டமார் மட்டும் மெதுவாக, அக்கா சொல்றதும் யோசிக்க வேண்டியதுதான் என்று முணுமுணுத்துவிட்டு அத்தான் முறைத்ததும் அடங்கிப்போனான். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை அது. அழுது முடித்து அந்த ஷாட்டில் ஒரு பிரேமைக்கூடத் தொடாமல் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு ஒரேயடியாகக் கும்பிடு போட்டு வரலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே செருப்பு வைக்கும் அலமாரி ஆவென்று திறந்து கிடந்தது. சமையலறையில் ஒரு அலமாரிக்கும் கதவு சாத்தவில்லை. நடுவில் குனிந்து நிமிர்ந்து அக்கா வேலை செய்துகொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி.

“என்னன்னு கேளுடி உங்க அத்தான,” என்றாள். “வீட்டுல ஒரு கதவ சாத்த விடமாட்டேங்கிறாரு. கேட்டா பூச்சி வருதாம், காத்து போகணுமாம். நேத்து திறந்திருந்த கதவுல நானே முட்டிக்கிட்டேன்.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். உன் ஆபீசில் படம் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என்றாள். அக்காவுக்குப் பேய்ப்படம் என்றாலே ஆகாது, அந்தக் கதை அவளுக்குத் தெரியாது. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிர்ந்தது. கொட்டாவியா விட்டீர்கள், கொட்டாவி!

அத்தான் படுக்கையறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு கதவும் அகலத் திறந்த மர பீரோ. அவருடைய சட்டைகளும் அக்காவின் புடவைகளும் ஊருக்கே தெரிகிற மாதிரி தொங்கின. டிஸ்க்கை மேஜைமேல் வைத்தேன். நேராகப் போய் பீரோவின் வலது கதவைச் சாத்தினேன். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தட்டில் இருந்த பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். ஆரஞ்சு இல்லை, வாழைப்பழம்தான் இருந்தது. அதுவும் நன்றாகத்தான் வேலை செய்தது.

அவரிடம் டைல்ஸ் விலையைப் பற்றிக் கேட்டேன். சொன்னார். புதிதாக வந்த சொரசொரப்பு ரகம் விற்கிறதா என்றேன். விற்கிறது என்றார். கண் மட்டும் என்னைத் தாண்டி என் பின்னால் இருந்தது. மழைக்காலத்தில் வழுக்குமா என்று கேட்டேன். பேப்பரின் ஓரம் அவர் விரலில் கசங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு துண்டைக் கடித்து மெதுவாக மென்றேன்.

அவர் எழுந்தார். என்னைச் சுற்றிப் போய் அந்தக் கதவைத் திறந்தார். திறந்தவர் சும்மா வரவில்லை. தொங்கிய சட்டைகளை ஒதுக்கிப் பின்பலகைவரை கையை விட்டுப் பார்த்தார். அப்படிப் பார்ப்பதை நான் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“டமாரோட சத்தம் எதையாவது வீட்டுக்குக் கொண்டு வந்தீங்களா அத்தான்?” என்று கேட்டேன்.

கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய உடம்பு எப்படியோ சின்னதாகத் தெரிந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கிற அளவுக்கு இல்லை. அந்த ஷாட் அப்படியே இருக்கட்டும், உன் பெயரையே போட்டுக்கொள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் வியாபாரி புத்தி போகுமா, ஒரே ஒரு சின்னச் சத்தமாவது வைக்கலாமே என்று கேட்டார். கூடாது என்றேன். சரி என்றார்.

நான் டிஸ்க்கைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ,” என்றார், அக்காவுக்குக் கேட்காத குரலில். “அவன் எப்பதான் வெளிய வந்தான்?”

“அந்த ஷாட்ட எடுக்கவே இல்லையே அத்தான்,” என்றேன். “இன்னும் உள்ளதான் இருக்கான்.”

சமையலறையிலிருந்து அக்கா, யாரடி உள்ளே இருக்கிறது என்று கேட்டாள். அத்தான் செருப்பு அலமாரியின் கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தார்.