ஆறு தறிக்காரர்

பிள்ளையார்பாளையத்தில் கலியாணசுந்தரமும் பக்கத்து வீட்டு மயில்வாகனமும் ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் முதலில் இரண்டிரண்டு பட்டுத்தறி ஓட்டிவந்தார்கள். 1972-இல் கலியாணசுந்தரம் பாங்கில் எட்டாயிரம் கடன் வாங்கினார். வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு. தறி ஆறாயிற்று.

அந்த வருஷம் முகூர்த்தங்கள் அதிகம். கூலி போக, போட்ட பணத்தில் நூற்றுக்கு இருபது நின்றது. மயில்வாகனத்துக்கு எண்ணூறு லாபம். கலியாணசுந்தரத்துக்கோ வட்டி கட்டிய பிறகும் ஆயிரத்து நானூற்று நாற்பது. தெருவில் அவரை ‘ஆறு தறிக்காரர்’ என்றார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது.

மறு வருஷம் பட்டு நூலும் சரிகையும் விலை ஏறின. சேலை விலை ஏறவில்லை. நூற்றுக்கு ஐந்துதான் நின்றது. பன்னிரண்டாயிரத்துக்கு அறுநூறு, வட்டியோ தொள்ளாயிரத்து அறுபது.

“அதே நூலு, அதே சரிகை, சேலை போடறதும் அதே கடைக்கு. மயில்வாகனத்துக்கு எரநூறு மிஞ்சுது. நமக்கு மட்டும் முன்னூத்தி அறுபது கையை வுட்டுப் போவுது. இது இன்னா கணக்கு?” என்றார் மனைவியிடம்.

கிருஷ்ணம்மாள் சாயம் தோய்த்த நூலைக் கொடியில் உதறிப் போட்டாள். “போன வருசம் அவருக்கு எண்ணூறு வந்தப்போ நமக்கு ஆயிரத்தி நானூறு வந்துதே. அப்ப இன்னா கணக்குன்னு கேக்கலியே நீங்க?”

அவர் கொடியில் சிக்கிக் கிடந்த நூலைப் பிரித்துவிட்டார்.

“இன்னும் நாலாயிரம் தர்றேன்னு பாங்குக்காரர் சொல்றாரு. வாங்கினா வுட்டதைப் புடிச்சிடலாம்” என்றார் பிறகு.

“நூலு வெல இறங்கினா புடிக்கலாம். இறங்கலேன்னா? நூறு ரூபாய்க்கு அஞ்சு வருது, பன்னெண்டு கட்றோம். வாங்குற ஒவ்வொரு நூறுலயும் ஏழு போவுதுங்க.”

இரண்டு நாள் யோசித்தார். பிறகு இரண்டு தறிகளை நூலோடு விற்று, பாதிக் கடனை அடைத்தார். ஒன்று அவரே நெய்தது; மற்றதில் நெய்துவந்த பரசுராமனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. முதலில் மயில்வாகனத்திடம் போனார். “உன் தறியில ஒரு ஆளு கொறையுதே, பரசுராமனை வெச்சிக்கிறியாப்பா?” என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் பரசுராமனைக் கூப்பிட்டார்.

அடுத்த வருஷம் வியாபாரம் மறுபடி சூடுபிடித்து, பழையபடி நூற்றுக்கு இருபது வந்தது. நாலு தறியில், வட்டி போக, ஆயிரத்து நூற்றிருபது நின்றது.

“ஆறும் இருந்திருந்தா இன்னும் முன்னூறு வந்திருக்கும்” என்றார் கலியாணசுந்தரம்.

“வந்திருக்கும்” என்று கிருஷ்ணம்மாளும் ஒப்புக்கொண்டு, அவருக்குச் சோறு போட்டாள்.