கடைசியாகப் பாடும் பாட்டு

ஸ்கொட்லாந்தின் மணிமுடியை யாரும் களவெடுக்கவில்லை என்று சொல்லித்தான் சாம்பவி அன்றைய வரலாற்று வகுப்பை முடித்தாள். 1707இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒரே இராச்சியமானபோது சின்னப் பங்காளிகளான ஸ்கொட்லாந்துக்காரர் கேட்டதில் கொஞ்சம் கிடைத்தது. சட்டம் அவர்களுடையதே, திருச்சபை அவர்களுடையதே, மணிமுடியும் செங்கோலும் வாளும் ஸ்கொட்லாந்தை விட்டு நகராது. பாராளுமன்றம்தான் போயிற்று. பிறகு அந்த முடியை எடின்பரோ கோட்டையில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

பூட்டியது யார் என்று செலீன் என்ற மாணவி கேட்டாள். ஸ்கொட்லாந்துக்காரர்தான் என்றாள் சாம்பவி. கியூபெக்கில் பிறந்து வளர்ந்த, ஆங்கிலேயர்தான் என்ற பதிலை எதிர்பார்த்த அந்தப் பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. அன்று சாம்பவிக்கும் பிடிக்கவில்லை.

காரணம் இருந்தது. அன்று பின்னேரம் மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் அவளுக்கு அவளுடைய சொந்த இணைப்பு ஒன்று காத்திருந்தது. அவர்கள் விட்டுவந்த ஒரே ஊரின் கிழக்குப் பள்ளிக்கும் மேற்குப் பள்ளிக்கும் மொன்றியலில் தனித்தனியே பழைய மாணவர் சங்கங்கள். இரண்டிலும் ஆள் குறைந்துவிட்டது, பிள்ளைகள் பிரெஞ்சில் பேசிக்கொண்டு வேறெங்கோ போகிறார்கள், ஆகவே ஒன்றாகலாம் என்று பேச்சு. கிழக்குதான் பெரியது. மேற்குப் பள்ளி யுத்தத்தோடு மூடியது மூடியதுதான். மிஞ்சியது பள்ளிக் கீதம் மட்டும். மேற்குச் சங்கத்துக்குச் சாம்பவி செயலாளர், அவளுடைய தமையன் யோகேந்திரன் தலைவர்.

"எங்கட பாட்டு இல்லையெண்டால் நான் அந்தப் பக்கமே வரமாட்டன்," என்று அவர் சொல்லியிருந்தார். "நீதான் படிச்சனி. போய்க் கதை."

கிழக்குச் சங்கத் தலைவர் தியாகலிங்கத்தின் வீட்டில் தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தன. பெயரில் கிழக்கு முன்னால் நிற்கட்டும் என்றார்கள், விட்டுக்கொடுத்தாள். நிர்வாகத்தில் அவர்களுக்கே கூடுதல் ஆட்கள் என்றார்கள், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாள். பாட்டில் மட்டும் உடும்புப்பிடி. கிழக்குக் கீதம் விழாவின் தொடக்கத்தில் என்றால் மேற்குக் கீதம் முடிவில்.

"எங்கட பாட்டோடதான் விழா முடியவேணும்," என்றாள்.

"ஓம், அதுக்கென்ன தங்கச்சி," என்றார் தியாகலிங்கம். "வடிவாய்ப் பாடுங்கோ."

மேற்குக்காரருக்குக் கடைசி இடம்தான் மரியாதையான இடம். யோகேந்திரன் தங்கையைக் கெட்டிக்காரி என்று மெச்சினார். அவளுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. கேட்டதும் தூக்கிக் கொடுக்கிறவர் எதற்காகக் கொடுக்கிறார்? அந்த யோசனையில் மெட்ரோவில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். மண்டபத்தை நேரத்தோடு பூட்டிவிடுவார்களோ, மைக்கை நிறுத்திவிடுவார்களோ என்று தியாகலிங்கத்துக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் அடித்தாள். அவர் சலிக்காமல் ஒன்றும் நடக்காது என்றார். அந்தப் பொறுமையே அவளை இன்னும் அரித்தது.

விழா ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். கிழக்குக் கீதத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். பேச்சு, நடனம், மறுபடி பேச்சு, மறுபடி நடனம். கடைசி நடனம் முடிந்து சாம்பவி மைக்கைப் பிடித்ததும், மண்டபத்தின் பின்பக்கம் சாப்பாட்டுத் தட்டங்களின் மூடிகளைத் திறந்தார்கள்.

மேற்குக்காரரின் விழாவில் கீதம் முடியும்வரை மூடியில் யாரும் கைவைக்க மாட்டார்கள். கிழக்கில் கடைசி நடனம் முடிந்தால் பந்தி. அது அவர்களுக்கு மூச்சுவிடுவதுபோல. யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இத்தனை நிபந்தனை போட்டவளுக்கும் சட்டி மூடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

இறைச்சிக்கறி வாசம் மேடைவரை வந்தது. கதிரைகள் கிறீச்சிட்டன. போகட்டும், கிழக்குக்காரர் போகட்டும், என் ஆட்கள் இருப்பார்கள் என்று முதல் வரியை எடுத்தாள். அவளுடைய ஆட்கள் அக்கம்பக்கம் பார்த்தார்கள். பிறகு ஒருவர் எழும்ப, மற்றவரும் எழும்பிச் சாப்பாட்டுப் பக்கம் போனார்கள். அவர்களை யாரும் தள்ளவில்லை.

இரண்டாவது அடியில் அவள் கண் சாப்பாட்டு வரிசையில் யோகேந்திரனைப் பிடித்தது. கையில் தட்டு, வாய் அசைகிறது. அண்ணை அங்கே நின்றும் பாடுகிறார் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது, குரல் தானாக உயர்ந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பினார். வாயில் வடை.

முன்வரிசையில் ஒரே ஒருவர் எழுந்து நின்றார். தியாகலிங்கம். சொல் தெரியாத பாட்டுக்குக் கையை ஒடுக்கிக்கொண்டு கடைசி அடிவரை நின்றார். அவர்மேல்தான் அவளுக்குக் கோபம் பொங்கியது. மனுஷன் ஒரு சின்னச் சூழ்ச்சியாவது செய்திருக்கக்கூடாதா? இப்போது யாரை நோவது?

பாட்டு முடிந்தது. அவர் கைதட்டினார். அவள் இறங்கி நேரே தமையனிடம் போனாள். ஏன் எழும்பிப் போனீங்கள் என்று கேட்க வாயெடுத்தாள்.

"நல்லாப் பாடினாய்," என்றார் யோகேந்திரன். மனதாரத்தான் சொன்னார். "வடை முடியப்போகுது. உனக்கெண்டு ரெண்டு எடுத்து வைச்சிருக்கிறன்."

பூட்டியது யார் என்று செலீன் கேட்டது ஞாபகம் வந்தது. வடை இன்னும் சூடாக இருந்தது. அவளுக்கும் நல்ல பசி. வாங்கித் தின்றாள்.